நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குக் குழுவாகச் செல்வோருக்கு
டர்பனிலிருந்து குழுவாக ஜெர்மனி செல்பவர்கள் மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் இந்த மலைக்கோட்டையைப் பார்த்துத் திரும்பலாம். ஐந்து பேர் வரை ஒரே பவேரியா டிக்கெட்டில் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட்) ரயிலேறலாம்; வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அந்த டிக்கெட் செல்லுபடியாகும். கோட்டைக்குள் குறித்த நேரத்தில், வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. முன்பதிவு செய்யாமல் கிளம்பவே வேண்டாம். அடிவாரத்திலிருந்து நடந்து ஏற முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முழங்கால் வலியுள்ள ஆயா, தாத்தா உடன் வந்தால் பஸ்ஸைவிடக் குதிரை வண்டியே நல்லது. பஸ் கோட்டைக்கும் மேலே இறக்கிவிடும். அங்கிருந்து செங்குத்தான பாதையில் இறங்கவேண்டும், அதுதான் முழங்காலை வதைக்கும். வண்டியென்றால் கடைசிச் சிறு தூரம் ஏறினால் போதும். உள்ளேயும் படிகள் ஏராளம். புரட்டாசி விரதக்காரர்கள் சோறு கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சிறிய பையில். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள்.