ஜெர்மனியில் வீட்டு இணைய இணைப்பு: முதலில் அழைப்பு மணியைப் பாருங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் எந்த நிறுவனத்தின் இணைப்பு நல்லது என்றே கேட்கிறார்கள். நிறுவனம் அப்புறம். உங்கள் கட்டடத்துக்குள் எந்தக் கம்பி வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. நிறுவனங்களின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் அதிகபட்சம் 250 எம்பிபிஎஸ் தரும். தெருவோரப் பெட்டியிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். கேபிள் டிவி கம்பியில் பதிவிறக்கம் 1000 எம்பிபிஎஸ் வரை உண்டு. ஆனால் பதிவேற்றம் அதில் ஒரு சிறு பங்குதான், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பகிர்ந்துகொள்வதால் மாலையில் திணறவும் செய்யும். கண்ணாடி இழை, அதாவது கிளாஸ்ஃபாசர், வீட்டுக்குள்ளேயே வந்திருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். தெருவோடு நின்றுபோகும் இழையையும் விளம்பரத்தில் அதே பெயரால்தான் சொல்வார்கள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முதலில் 24 மாதம் வரை கட்டிப்போடும். 12 மாத ஒப்பந்தத்தையும் அவர்கள் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசா காலம் குறைவானவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ ஒப்புக்கொண்டதை 14 நாளுக்குள் திரும்பப் பெறலாம். கடைக்குப் போய்க் கையெழுத்திட்டால் சட்டப்படி அந்த உரிமை இல்லை.

இவையெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அப்படியிருந்தும் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஊரில் கேபிள்காரரிடம் சொன்னால் மறுநாளே ஏணியோடு வந்து நிற்பார், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே நான்கு வாரம் காத்திருந்த பிறகு ஒரு தேதி வந்தது. காலை 8 மணி முதல் பகல் 12 மணி வரை எப்போது வேண்டுமானாலும் டெக்னீஷியன் வருவார் என்றது கடிதம். விடுப்பு எடுத்து உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவே இல்லை. ஒரு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது: வாடிக்கையாளரைக் கண்டறிய முடியவில்லை.

காரணம் புரிய இரண்டு நாளாயிற்று. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டு எண் கிடையாது. கீழே வாசலில் அழைப்பு மணிகளின் வரிசை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடும்பப் பெயர், அவ்வளவுதான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஒப்பந்தம் அந்தப் பெயரில் போயிற்று. மணியிலோ நான் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். டெக்னீஷியன் பதினான்கு மணிகளையும் பார்த்தார், அப்பாவின் பெயர் இல்லை, திரும்பிவிட்டார். அதற்கு முந்தைய வாரம் ரவுட்டர் பார்சல் திரும்பிப் போனதும் இதனால்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. டெக்னீஷியன் சொன்ன நாளில் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அதை நிறுவனம் தர வேண்டும். கேட்டேன். ஆள் வந்தார், உங்கள் பெயர்தான் இல்லை என்று முடித்துவிட்டார்கள். பணம் போகட்டும். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது அந்த மூன்று வாரத்தில்தான். கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கைப்பேசியின் மிச்ச டேட்டாவில் படம் உறைந்து உறைந்து நின்றது. சரியாகத் தெரிகிறது என்று அம்மா பொய் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

ஆகவே சாவி கைக்கு வந்த அன்றே அழைப்பு மணி, தபால் பெட்டி, வீட்டுக் கதவு மூன்றிலும் ஒப்பந்தத்தில் உள்ள குடும்பப் பெயரை ஒட்டுங்கள். பெயர்ப்பலகையைக் கட்டட நிர்வாகம்தான் மாற்றும் என்றால் அவர்களுக்கு அன்றே எழுதுங்கள், அதுவரை காகிதத் துண்டு போதும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தால் இரண்டு பெயரும் வேண்டும். ஒருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், மணியில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒப்பந்த முகவரியிலேயே சேர்த்துக் கொடுங்கள்.

என் அப்பா கடல் தாண்டியதே இல்லை. இப்போது அவர் பெயர் இந்த ஊர் வாசலில் இருக்கிறது, எதிர்வீட்டுப் பெரியவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்.

இன்னொன்று. இணைப்புப் பெட்டி பெரும்பாலும் நிலவறையில், பூட்டிய அறைக்குள் இருக்கும். சாவி ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடப் பராமரிப்பாளரிடம் இருக்கும். டெக்னீஷியன் வரும் தேதியை அவருக்கு முன்கூட்டியே சொல்லி, முதல் நாள் மறுபடியும் ஒருமுறை நினைவூட்டுங்கள்.