அலைக்கரையில் தூண்டில் போட முதல் செட்: எதில் செலவு, எதில் மிச்சம்

கடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை வெறுங்கையோடு கடற்கரைக்குப் போங்கள். நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அலை எங்கே வெள்ளையாக உடைகிறது, எங்கே உடையாமல் கருத்த பட்டையாக ஓடுகிறது என்று அரைமணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளையாக உடையும் இடத்தில் மணல்திட்டு இருக்கிறது. கருத்து ஓடும் இடம் பள்ளம். அலை கிளறிவிடும் நண்டும் புழுவும் சிப்பியும் அந்தப் பள்ளத்தில்தான் சேரும், அவற்றைத் தேடி மீனும் அங்கேதான் வரும். பல கரைகளில் இந்தப் பள்ளம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து முப்பது, நாற்பது மீட்டருக்குள்ளேயே கிடக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக வருபவர்கள் பணத்தைத் தொலைப்பது தூரத்துக்காகத்தான். நூறு மீட்டர் தாண்டி எறிய வேண்டும் என்று பதினாலு அடிக் கம்பை வாங்கிவிட்டு, மீன் மேயும் பள்ளத்தைத் தாண்டி எறிந்துகொண்டிருப்பார்கள். நாற்பது மீட்டருக்கு அவ்வளவு பெரிய செட் வேண்டாம்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். நான்கு பங்கு ரீலுக்கு, மூன்று கம்புக்கு, ஒன்று நரம்புக்கு, அதாவது தூண்டில் இழைக்கு. மீதி இரண்டில் முள், ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), கத்தி, குறடு எல்லாம் அடங்கிவிடும். கம்புதான் கண்ணில் பெரிதாகத் தெரியும் என்பதால் பலர் கம்புக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைக்கும் ரீலை எடுத்து வருவார்கள். கரைமீன்பிடிப்பில் முதலில் சாவது ரீல்தான். உப்பும் மணலும் உள்ளே போக அதிகம் வழியுள்ள பொருள் அதுதான்.

படி 2: ரீல்

ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். அதன் மேல் எண் போட்டிருக்கும். பத்தடிக் கம்புக்கு 5000 அல்லது 6000 பொருந்தும். இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், நரம்பு சுற்றும் பகுதியான ஸ்பூலில் எழுதியிருக்கும் கொள்ளளவையும் பாருங்கள்: 0.35 மி.மீ. நரம்பு 200 மீட்டராவது பிடிக்க வேண்டும்.

எத்தனை பேரிங் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மட்டமான பத்து பேரிங்கைவிட உருப்படியான நான்கு எவ்வளவோ மேல். உப்புநீரைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்பது முக்கியம். உடல் கிராஃபைட்டாக இருந்தால் குறை ஒன்றும் இல்லை, அது துருப்பிடிக்காது.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை மூன்று. கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எந்த ரீலும் நன்றாகத்தான் சுற்றும், மெதுவாகச் சுற்றும்போதுதான் உள்ளே இருக்கும் நறநறப்பு விரலில் தெரியும். அடுத்து டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி. ஸ்பூல் தலையில் உள்ள திருகைப் பாதி இறுக்கிவிட்டு, நரம்பு சுற்றியிருந்தால் நரம்பையும் இல்லையென்றால் ஸ்பூலையே கையால் பிடித்தும் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். நின்று நின்று, வெட்டி வெட்டி வந்தால் அந்த ரீல் வேண்டாம். பெரிய மீன் பாயும்போது அந்த ஒரு வெட்டில்தான் நரம்பு அறுகிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. நரம்பைப் பிடித்துத் திருப்பும் வளைவுக் கம்பியின் ஒரு முனையில், சின்ன உருளை ஒன்று இருக்கும். நகத்தால் தள்ளினால் அது உருள வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவு ரீலில் நான்காவது நாளே இந்த உருளை உப்பில் இறுகிப் போனது. எனக்கு அது தெரியவில்லை. உருளாத உருளைமேல் நரம்பு உரசி உரசி ஒரே வாரத்தில் முறுக்கேறிச் சொரசொரப்பானது. நரம்பு மட்டம் என்று நினைத்து இரண்டு முறை நரம்பை மாற்றினேன், அந்தக் காசில் நல்ல ரீலே வந்திருக்கும்.

படி 3: கம்பு

பத்தடி, இரண்டு துண்டாகப் பிரிவது, ஃபைபர் கிளாஸ் அல்லது ஃபைபரும் கார்பனும் கலந்தது. புதியவருக்கு இதுவே போதும். முழுக் கார்பன் கம்பு எடை குறைவு, ஆனால் காரின் கதவில் ஒருமுறை நசுங்கினாலோ பாறையில் மோதினாலோ விரிசல் விட்டு, அடுத்த வீச்சில் ஒடியும். ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனக்கும், அடியையும் மோதலையும் தாங்கும். ஒன்றுக்குள் ஒன்று போய் ஒடுங்கும் டெலஸ்கோப் கம்பு பையில் வைக்க வசதிதான், ஆனால் மணல் மூட்டுக்குள் புகுந்துவிட்டால் விரியவும் விரியாது, மடங்கவும் மடங்காது. மணற்கரைக்கு அது வேண்டாம்.

கைப்பிடிக்கு மேலே எவ்வளவு எடையை எறியலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். 60 முதல் 120 கிராம் வரை உள்ளதை எடுங்கள். அவுன்ஸில் போட்டிருந்தால் ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். ஈயமும் இரையும் சேர்ந்த எடை இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.

பிறகு வளையங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றித் தேயுங்கள். நார் எங்காவது சிக்கி நின்றால் அங்கே கீறல் இருக்கிறது, நரம்பை அறுப்பது அதுதான். கம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை பார்த்தால், வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கம்பின் அடி அக்குளில் இருக்க, கை நீட்டினால் ரீல் இருக்கும் இடம் எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டாத கம்பை எறிய முதுகுதான் விலை கொடுக்கும்.

படி 4: நரம்பு

பின்னல் நரம்பு மெல்லியது, வலுவானது, தூரம் போகும். விலையும் அதிகம், பாறையிலும் சிப்பியிலும் உரசினால் சட்டென்று அறும், சிக்கினால் பிரிப்பதும் கடினம். முதல் ஆறு மாதம் சாதாரண நைலான் நரம்பே போடுங்கள். 0.35 மி.மீ., 15 முதல் 20 பவுண்ட் தாங்குவது. அது கொஞ்சம் நீளும், நீங்கள் தவறாக இழுத்தாலும் மன்னிக்கும். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீழே வரை சுற்றுங்கள். நிறையச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று வரும், குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது.

இதோடு ஷாக் லீடர், அதாவது வீச்சின் வேகத்தைத் தாங்க முன்னால் கட்டும் தடித்த நரம்புத் துண்டு, கட்டாயம். வீசும் வேகத்தில் நரம்பு அறுந்தால் நூறு கிராம் ஈயம் குண்டு மாதிரிப் பறக்கும், கரையில் நிற்பவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் லீடர் 10 பவுண்ட் தாங்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று அவுன்ஸ் ஈயத்துக்கு 30 பவுண்ட், நான்குக்கு 40. கம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கும், ஸ்பூலில் ஆறேழு சுற்றும் வருமாறு வெட்டி, முன்பக்கத்தில் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்தபடியே இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

படி 5: முள், ஈயம்

இங்கே சிக்கனம் பிடிக்கலாம், ஒன்றைத் தவிர: முள் மட்டும் கூராக இருக்க வேண்டும். நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். 1/0, 2/0 அளவில் வட்ட முள் கொஞ்சம் வாங்குங்கள். வட்ட முள்ளில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது, நிதானமாக ரீலைச் சுற்றினால் வாயோரத்தில் தானே மாட்டும். விட்டுவிட வேண்டிய சின்ன மீனை அதிகக் காயமின்றி விடவும் வசதி.

ஈயத்தில் கூம்பு வடிவம் மணலில் புதைந்து நிற்கும், உருண்டை அலையோடு உருண்டு போகும். 85, 110 கிராமில் கூம்பு நான்கைந்து போதும்.

படி 6: கம்பை நிறுத்த

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கம்பின் அடி தாராளமாக நுழையும் பிவிசி குழாயில் நான்கடி வெட்டி, ஒரு முனையைச் சாய்வாக அறுத்துவிட்டால் மணலில் குத்தும் தாங்கி தயார். ஓரடி ஆழமாவது குத்துங்கள். கம்பை அதில் வைத்ததும் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மீன் கம்பையே கடலுக்கு இழுத்துப் போகும்.

படி 7: முதல் நாள்

உங்கள் பகுதியில் உரிமம் தேவையா, எந்த மீனுக்கு என்ன அளவு வரம்பு என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வீசும் முன் ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பாருங்கள். இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அறுந்த நரம்பு ஒரு துண்டுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. கடற்பறவையின் காலில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்க்க யாரும் வரப்போவதில்லை.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். 20 பவுண்ட் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. ஒரு கைத்தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் சரியாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், சாப்பிடும் முன்பே, டிராக்கை இறுக்கி மூடிவிட்டு ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போகும். வளையங்களையும் அந்தச் சின்ன உருளையையும் ஈரத்துணியால் துடையுங்கள், உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். காய்ந்ததும் டிராக்கை முழுவதும் தளர்த்தி வைத்துவிடுங்கள்.