ட்ரோன் காட்டும் மரத்தடிக்கு நடந்து போங்கள்

காட்டின் மேல் முதன்முதலாக ட்ரோன் பறக்கவிட்டபோது, எந்த மரத்துக்கு என்ன நோய் என்று படமே சொல்லிவிடும் என்று நம்பினேன். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மரம் பக்கத்து மரம்போல இல்லை. ஏன் இல்லை என்பதை மரத்தடியில் நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்ட மரம், ஒடிந்த உச்சி, தழை குறைந்த இடம் இவற்றையெல்லாம் பார்க்கச் சாதாரண கேமராவே போதும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வாட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் பல்நிறமாலை கேமரா தேவை; அது ஒளியைப் பல பட்டைகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துப் பதிவு செய்யும். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்; அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிவிஐ (NDVI), அதாவது தழையின் பசுமையைக் காட்டும் எண். அடர்ந்த காட்டில் இந்த எண் எல்லா மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும். அங்கே சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள ‘ரெட் எட்ஜ்’ ஒளிப்பட்டைதான் கைகொடுக்கும்.

அடுத்தடுத்த படங்கள் 80 முதல் 85 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வயலுக்கு இவ்வளவு வேண்டாம். காட்டில் கிளை அசைகிறது, ஒவ்வொரு கோணத்திலும் மரம் வேறு உருவம் காட்டுகிறது. படிவு குறைந்தால் மென்பொருளால் படங்களை ஒட்ட முடியாமல் வரைபடத்தில் ஓட்டை விழும். காற்று பலமாக இருந்தால் அன்று பறக்கவே வேண்டாம். பல நாடுகளில் தரையிலிருந்து 120 மீட்டர்தான் உயர வரம்பு. அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். கழுகோ பருந்தோ ட்ரோனை நெருங்கினால் உடனே விலகி இறக்கிவிடுங்கள். அதன் கூடு அருகில் இருக்கலாம்.

வெளிச்சத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நிழல் குறைவாக இருக்கும் நண்பகல் வேளை நல்லது. வெயில் என்றால் முழு வெயில், மூட்டம் என்றால் முழு மூட்டம்; மேகம் வந்து வந்து போகும் நாள் ஆகாது. பறப்பதற்கு முன்னும் பின்னும் ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று முன்பே தெரிந்த அளவீட்டுப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இன்றைய எண்ணையும் அடுத்த மாத எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

பருவமும் அப்படித்தான். ஒருமுறை நான் தளிர் விட்ட காலத்துப் படத்தையும் இலையுதிரும் காலத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரு சரிவு முழுவதும் நோய் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு நாள் ஏறி இறங்கிப் பார்த்தால், அவை வழக்கமாக இலை உதிர்க்கும் மரங்கள். அந்த இரண்டு நாளும் உண்மையிலேயே வாடிக்கொண்டிருந்த வேறொரு பகுதியை நான் பார்க்கவே இல்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

சரி, வரைபடம் கையில் வந்தாயிற்று. அதில் எண் குறைந்து தெரியும் சில மரங்களோடு நன்றாக இருக்கும் சில மரங்களையும் குறித்துக்கொண்டு நடங்கள். மரப்பட்டையில் சின்னத் துளை, அடியில் விழுந்த மரத்தூள், பிசின் ஒழுக்கு, வேரடியில் காளான் எதையும் விடாதீர்கள். பட்டைவண்டு புகுந்த மரம் தொடக்கத்தில் பச்சையாகவே நிற்கும். மேலிருந்து எடுத்த படம் அதைத் தவறவிடலாம்.

பார்த்ததை அந்தந்த மரத்தின் ஜிபிஎஸ் புள்ளியோடு எழுதிவையுங்கள். பறந்த பாதையின் கோப்பை அழிக்காதீர்கள். அடுத்த ஆண்டு அதே வாரம், அதே நேரம், அதே பாதையில்தான் மறுபடி பறக்க வேண்டும்.