ஒரே மூச்சில் ஒரு சொம்பு: தண்ணீர் குடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியம்மா பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். சேலத்திலிருந்து மதுரை போகும் வரை ஒரு வாய் கூடக் குடிக்க மாட்டார். வழியில் பஸ் நிற்கும் இடத்துக் கழிப்பறையின் லட்சணம் அவருக்குத் தெரியும். இறங்கியதும் தலைவலி, மறுநாள் நீர்க்கடுப்பு. "சூடு பிடிச்சிருச்சு" என்பார்.

தண்ணீர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மறந்துபோய்க் குடிக்காதவர்களை விட, ஒதுங்க இடமில்லையே என்று பயந்து குடிக்காதவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் எல்லாம் இந்த ரகம்தான். சிறுநீர் சரியாகப் போகாவிட்டால் கிருமி தங்கிவிடும். உப்பு செறிந்து கல்லாகவும் மாறும். புறப்படும்போது கழிப்பறைக்குப் போய்விட்டு, வழியில் இரண்டிரண்டு வாயாகக் குடித்துப் பாருங்கள். அவ்வளவு முட்டாது. பிள்ளை பாட்டிலைத் திறக்கவே இல்லை என்றால் அதைத் திட்டுவதற்கு முன் பள்ளிக் கழிப்பறையை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

அப்புறம், பகலெல்லாம் விட்டுவிட்டு ராத்திரி ஒரு சொம்பை ஒரே மூச்சில் கவிழ்ப்பது. ஆபத்தில்லை, ஆனால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும், தூக்கமும் கெடும். வெயிலில் வேலை செய்து வியர்த்துக் கொட்டியவர் கதை வேறு. சிறுநீரகத்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் வெறும் தண்ணீராகவே ஏற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். வயலுக்கு உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் கொண்டுபோனவர்கள் விவரமானவர்கள்தான்.

நாளைக்கு எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்ற கணக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 1945இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னது. அதுதான் யார் காதிலும் விழவில்லை. ரசம், மோர், வெள்ளரி, ஏன் காபி கூடக் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, நல்லெண்ணெய் நிறத்துக்குப் போனால் போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த நிறக்கணக்கு உதவாது.

வயிற்றுப்போக்கில் நடக்கும் தவறு கொஞ்சம் பயமானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரை கலந்த பொடி) பொட்டலத்தைப் பிரித்து, பாதியை ஒரு டம்ளரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். உப்பு கூடிப்போய் அதுவே கெடுதல் செய்யும். 200 மில்லிக்கான பொட்டலமும் கிடைக்கிறது, எனவே பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அளந்து கரையுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், கோடையிலும் தண்ணீர் வேண்டாம். இதயம், சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. தாத்தாவிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமல் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே குடித்துவிடுவார்.