நாகர்கோவிலில் இருந்தபடியே டிப்ஐஎஃப்ஆர் எழுத நினைப்பவர்களுக்கு

துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளம்பரத்தின் ஏதோ ஒரு மூலையில் ‘ஐஎஃப்ஆர்எஸ் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி கிடக்கும். ஐஎஃப்ஆர்எஸ் என்பது கம்பெனிக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லும் சர்வதேச விதித் தொகுப்பு. அங்கெல்லாம் கம்பெனிக் கணக்கு அதன்படிதான் போடுகிறார்கள், சவூதியில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2017 முதல் அதற்கு மாறிவிட்டன. இந்தியாவில் 2016 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கு வந்த இண்ட் ஏஎஸ் என்ற நம் நாட்டுக் கணக்கு விதிகளும் சில இடங்களில் நமக்கு ஏற்றபடி வெட்டித் தைத்த அதே சட்டைதான். நம் மாவட்டத்தில் கணக்கு படித்த பிள்ளைகள் அதிகம் கேட்பது ஏசிசிஏ என்ற பிரிட்டன் கணக்காளர் அமைப்பு ஐஎஃப்ஆர்எஸ்ஸில் நடத்தும் டிப்ஐஎஃப்ஆர் டிப்ளமோவைப் பற்றி. அதனால் அதையே சொல்கிறேன்.

முதலில், இது லைசென்ஸ் இல்லை. இதை வைத்து ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, சிஏவுக்கு மாற்றும் இல்லை. நான்கைந்து வருடம் கணக்கு வேலை பார்த்தவருக்கு இது நல்ல பலம். பிகாம் முடித்த கையோடு, வேலை அனுபவமே இல்லாமல் கடன் வாங்கிச் சேர்வது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. சேரவும் விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். தகுதி இப்படி: சிஏ, சிஎம்ஏ மாதிரி ஒரு தொழில்முறைப் படிப்பு முடித்திருந்தால் நேராகச் சேரலாம், பிகாம், எம்காம் போன்ற தொடர்புள்ள பட்டம் என்றால் கூடவே இரண்டு வருடக் கணக்கு அனுபவம், பட்டம் இல்லை என்றால் மூன்று வருட அனுபவம். சிஏ இண்டர் வரை வந்து நின்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும், இல்லையென்றால் மூன்று வருட அனுபவம் என்ற வழிதான். அனுபவமே இல்லை, ஆனால் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் அதே ஏசிசிஏவின் செர்ட்ஐஎஃப்ஆர் என்ற சின்னச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. ஆன்லைனில் படித்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக எழுதி முடித்துவிடலாம். அடிப்படை புரியும், ஆனால் வேலைச் சந்தையில் டிப்ளமோவின் எடை அதற்கு இல்லை.

அனுபவக் கடிதத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோட்டாறிலோ வடசேரியிலோ ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் ஓடியாடி வேலை பார்த்திருப்பார்கள், நியமன உத்தரவும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது, சம்பளம் கவரில் வந்திருக்கும். ஆடிட்டர் சார் நல்ல மனநிலையில் இருக்கும்போது லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ‘எங்கள் அலுவலகத்தில் பணியாற்றினார்’ என்று பொதுவாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, இறுதிக் கணக்கு தயாரித்தீர்களா, ஆடிட் பார்த்தீர்களா என்பதெல்லாம் வர வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். வரைவை நீங்களே டைப் செய்து கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்.

அப்புறம் இனிஷியல். டிகிரி சர்டிபிகேட்டில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், தேர்வு அன்றைக்கும் அதையே அடையாளத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டணம் பவுண்டில் என்பதால் கார்டில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தேர்வுக்குப் பதிந்தால் கட்டணம் கூடும், அதில் காசை விடாதீர்கள்.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஜூன்தான் தோது. டிசம்பர் என்றால் வரித் தணிக்கைக் காலம் செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் விழுங்கிவிடும், அது முடிந்து நிமிர்ந்தால் கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேறியிருக்கும். வளைகுடாவில் இருந்து எழுதுபவர்களுக்கு இது தலைகீழ், அங்கே பல கம்பெனிகளுக்கு டிசம்பர் 31தான் வருடக் கடைசி, ஜனவரி முதல் மார்ச் வரை ஆடிட்டிலேயே போகும், அவர்கள் டிசம்பரைப் பார்க்கலாம். எப்படியானாலும் வேலையோடு படிப்பவருக்கு ஐந்தாறு மாதம் வேண்டும்.

நேரம் 3 மணி 15 நிமிடம், நான்கு கேள்வி, ஒவ்வொன்றும் 25 மதிப்பெண், எதையும் விட முடியாது, 50 எடுத்தால் பாஸ். முதல் கேள்வி குழும நிறுவனங்களின் ஒருங்கிணைந்த கணக்கு, அதாவது தாய்க் கம்பெனியையும் துணைக் கம்பெனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போடுவது. மீதியில் தரநிலைகளை, அதாவது ஐஎஃப்ஆர்எஸ்ஸின் தனித்தனி விதிகளை, கணக்காகவும் விளக்கமாகவும் கேட்பார்கள், தொழில் நெறிமுறையும் ஓரிடத்தில் வரும். நம் ஆட்கள் சறுக்குவது விளக்கத்தில்தான். டாலி கணக்கு மென்பொருளில் வருடக்கணக்காகப் பதிவு போட்ட கை, விடையை எண்ணாக எழுதிவிட்டு அடுத்ததற்கு ஓடும். இங்கேயோ ஏன் இந்த எண், எந்த விதி, இந்தக் கம்பெனிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று நாலு வரி எழுதினால்தான் மதிப்பெண். அதனால் தரநிலையை மனப்பாடம் செய்யாமல், கண்ணெதிரே இருக்கும் தொழிலில் வைத்துப் படியுங்கள் என்பேன்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள சொத்துக்களுக்கான தரநிலை ஐஏஎஸ் 41 (ஐஎஃப்ஆர்எஸ்ஸின் பழைய தரநிலைகளுக்கு ஐஏஎஸ் என்று பெயர்). ஆனால் 2016 முதல் ரப்பர் மரம் அதில் வராது. வருடக்கணக்கில் பால் தரும் மரம் என்பதால் அது இயந்திரம் போல ஐஏஎஸ் 16க்குப் போய்விட்டது. கன்று நட்டு, உரமிட்டு, பால் வெட்டுக்கு வரும் வரை ஆன செலவு சொத்தின் அடக்கவிலையில் சேரும், பால் வெட்டத் தொடங்கியதும் தேய்மானம். மரத்துக்குள் இருக்கும் பால் மட்டும் ஐஏஎஸ் 41, நியாய மதிப்பில் விற்பனைச் செலவைக் கழித்து மதிப்பிட வேண்டும். சிரட்டையில் வடிந்த பிறகு அது சரக்கு, ஐஏஎஸ் 2. கடைசியில் மரத்தை வெட்டி விறகுக்குக் கொடுத்தால் இந்த வகைப்பாடு மாறுமா? மாறாது, தற்செயலான கழிவு விற்பனை என்று தரநிலையே விட்டுவிடுகிறது. ஆனால் பக்கத்திலேயே தடிக்காக வளர்க்கும் தேக்கு முழுக்க ஐஏஎஸ் 41தான். இதை ஒரு முறை தோட்டத்தை நினைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், மறக்காது.

வாடகை, குத்தகைக்கான தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16க்கு மீனாட்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை வாடகையை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருட ஒப்பந்தம், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 6 லட்சம், வட்டி 10 சதவீதம். கட்டப்போகும் ஐந்து வாடகைக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு 22,74,472 ரூபாய். அது ஒரு பக்கம் கடன், மறுபக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்து. முதல் வருடம் வட்டி 2,27,447, தேய்மானம் 4,54,894, ஆக 6,82,341 செலவு. கையை விட்டுப் போனது 6 லட்சம்தானே, அந்த 82 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்பார். அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள், தேர்வில் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

குழுமக் கணக்குக்குக் குறுக்கு வழி இல்லை, வாரம் ஒன்றாவது முழுசாகப் போட வேண்டும். துணை நிறுவனத்தைக் கைப்பற்றிய தேதி வருடத்தின் நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும், குழுமத்துக்கு உள்ளுக்குள் விற்று இன்னும் வெளியே போகாத சரக்கின் ஈட்டாத லாபத்தையும் கவனியுங்கள். 80 சதவீதம் நம் கையில் உள்ள முந்திரி ஆலை, அடக்கத்தின் மேல் 20 சதவீதம் வைத்து நமக்கு 12 லட்சத்துக்கு விற்றது, பாதி இன்னும் கிட்டங்கியில் கிடக்கிறது. கழிக்க வேண்டியது 12 லட்சத்தில் 120க்கு 20, அதில் பாதி, 1 லட்சம். அவசரத்தில் 20 சதவீதத்தை நேராக 12 லட்சத்தில் போட்டு 1,20,000 என்று எழுதுவார்கள், போச்சு. விற்றது துணை நிறுவனம் என்பதால் 20 ஆயிரம் சிறுபான்மைப் பங்குதாரர் தலையில் போகும் என்பதையும் விடக்கூடாது.

கோச்சிங் வேண்டுமா என்றால், குழுமக் கணக்கைத் தொட்டே பார்க்காதவருக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு உதவும். மற்றவர்கள் ஒரு நல்ல பாடப்புத்தகமும், ஏசிசிஏ தளத்தில் காசில்லாமல் கிடைக்கும் பழைய வினாத்தாள்களும், தேர்வாளர் குழுவின் அறிக்கைகளும் வைத்துச் சமாளிக்கலாம். அந்த அறிக்கைகளில் எந்த இடத்தில் மாணவர்கள் கோட்டை விட்டார்கள் என்று விவரமாக எழுதுவார்கள், யாரும் படிப்பதில்லை. பழைய புத்தகத்தை நண்பரிடம் இரவல் வாங்கினால் உங்கள் தேர்வுக்கான பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரநிலைகள் மாறிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, நிதிநிலை அறிக்கையை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ஐஏஎஸ் 1க்குப் பதிலாக வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 2024 ஏப்ரலில் வெளியானது, 2027 ஜனவரி 1 முதல் அமல்.

தேர்வு கணினியில். பேப்பரில் எத்தனை அழகாகப் போட்டாலும் அங்கே ஸ்பிரெட்ஷீட்டில் சூத்திரம் தட்டவும் ஆங்கிலத்தில் விளக்கம் டைப் செய்யவும் வேகம் வேண்டும். கடைசி ஆறு வாரம் ஏசிசிஏவின் பயிற்சித் தளத்திலேயே, கடிகாரம் வைத்து, ஒரு கேள்விக்கு 48 நிமிடம் என்று போடுங்கள். நேரம் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டாலும் பரவாயில்லை, படிப்படியாக மதிப்பெண் உண்டு.

பதியும்போது எந்தெந்த ஊரில் மையம் என்று காட்டும். திருவனந்தபுரம் கிடைத்தால் நமக்கு அதுதான் பக்கம். ஆனால் பக்கம்தானே என்று காலையில் கிளம்பாதீர்கள், ஜூனில் மழை கொட்டும், களியக்காவிளை தாண்டினால் பஸ் நகராது. முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறிப் போய், மையம் இருக்கும் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுங்கள்.