வரிக்கு வரி 'செட்' வந்ததைச் சரிசெய்த விதம்

ஆங்கிலக் கதையின் உரையாடலில் வந்த 'செட்' (said, 'சொன்னார்') எல்லாவற்றையும் நான் மாற்றவில்லை. அது கண்ணை உறுத்தாத சொல். பேச்சைப் படித்தும் குரல் பிடிபடாத இடத்தில் மட்டும் வினையை மாற்றினேன்.

எரிச்சலோடு வாய்க்குள் முணுமுணுத்தால் 'மட்டர்' (mutter). சொல் தெளியாமல் குழறினால் 'மம்பிள்'. வெடுக்கென்று பேசினால் 'ஸ்னாப்'. அடக்க முடியாமல் உளறிக்கொட்டினால் 'பிளர்ட்' (blurt), பெரும்பாலும் 'அவுட்' கூடவே வரும். 'விஸ்பர்' போட்டபின் 'சாஃப்ட்லி' வேண்டவே வேண்டாம்.

அதிகம் சறுக்குவது 'ஸ்மைல்', 'நாட்' (nod, தலையசைப்பது) போன்றவற்றில்தான். அவை பேச்சல்ல, முகமும் தலையும் செய்பவை. மேற்கோளின் முடிவில் காற்புள்ளி வைத்து 'ஷி ஸ்மைல்ட்' என்று ஒட்டினால் பிழை. முற்றுப்புள்ளி வைத்து அதைத் தனி வாக்கியமாக்கினேன்.

'டோல்ட் மீ' சரி. 'எக்ஸ்பிளைண்ட் மீ' தவறு, நடுவே 'டு' கட்டாயம்.