ஸ்பினாரில் எங்கே வழுக்குகிறது?

ஸ்பினார் என்பது எலக்ட்ரான் போன்ற துகள்களை விவரிக்கும், பல கூறுகள் கொண்ட கணிதப் பொருள். 1928-இல் இயற்பியலாளர் டிராக் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாட்டில் ஸ்பினாருக்கு நான்கு கூறுகள். காலவெளிக்கும் நான்கு பரிமாணம். உடனே ஸ்பினாரையும் ஒரு திசையன் என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். இந்த ஒற்றுமை தற்செயல். திசையன்களை ஒன்றோடொன்று பெருக்கும் கிளிஃபோர்ட் இயற்கணிதத்தின் விதிகளுக்கு உட்படும் மிகச் சிறிய சிக்கலெண் அணிகள் நான்கு பரிமாணத்தில் 4×4. அந்த அணிகள் எதன்மீது செயல்படுகின்றனவோ, அதுதான் ஸ்பினார். ஆறு பரிமாணத்துக்குப் போனால் 8 கூறுகள், பத்தில் 32.

அப்புறம், செயல்படுவதையும் செயலுக்கு உட்படுவதையும் குழப்பிக்கொள்வது. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அ, ஆ என்று ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அலகுத் திசையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இயற்கணிதத்தில் இரண்டின் வர்க்கமும் 1; அஆ = −ஆஅ. அப்படியானால் அஆ-வின் வர்க்கம் −1, அதாவது கற்பனை எண் போலவே நடந்துகொள்கிறது. அந்தத் தளத்தில் ஒரு கோணம் சுழற்ற, பாதிக் கோணத்தின் கோசைனிலிருந்து அஆ பெருக்கல் பாதிக் கோணத்தின் சைனைக் கழித்தால் கிடைக்கும் உறுப்பு போதும். திசையனை இந்த உறுப்பு இடப்பக்கமும், இதன் தலைகீழ் வலப்பக்கமும் நின்று பெருக்குகின்றன. ஸ்பினாரை இடப்பக்கம் மட்டும்.

கோணம் 360 பாகை என்று வையுங்கள். உறுப்பு −1 ஆகிவிடும். திசையனில் இரண்டு −1-களும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. ஸ்பினாரில் குறி அப்படியே தங்குகிறது. ஆகவே ஸ்பினாரைச் சுழற்சிக் குலத்தின் (எல்லாச் சுழற்சிகளின் தொகுப்பு) சாதாரணப் பிரதிநிதித்துவங்களில், அதாவது சுழற்சிகளை அணிகளாக எழுதும் வழிகளில், தேடினால் கிடைக்காது. அதன் இரட்டை உறையான ஸ்பின் குலத்தில்தான் தேட வேண்டும்; அங்கே ஒவ்வொரு சுழற்சிக்கும் குறி மட்டும் மாறிய இரண்டு உறுப்புகள்.

காமா அணிகளின் (அடிப்படைத் திசையன்களுக்காக நிற்கும் அந்த 4×4 அணிகள்) குறிப்பிட்ட வடிவத்தை மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. வேண்டாம். நான்கு பரிமாணத்தில் எந்த இரண்டு 4×4 தேர்வும் வெறும் அடிப்படை மாற்றத்தால் (ஸ்பினாரின் கூறுகளை எழுதும் அச்சுகளை மாற்றுவதால்) ஒன்றாகிவிடும் என்பது இயற்பியலாளர் பாலி நிறுவிய தேற்றம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒற்றை, இரட்டைப் பரிமாண வேறுபாடு. சிக்கலெண் குணகங்களோடு பார்த்தால், இரட்டைப் பரிமாணத்தில் இயற்கணிதத்துக்குப் பகுக்க முடியாத பிரதிநிதித்துவம் ஒன்றே ஒன்று. ஆனால் ஸ்பின் குலத்துக்கு அது வலக்கை, இடக்கை என்று இரண்டாகப் பிரிகிறது. ஒற்றைப் பரிமாணத்தில் நேர்மாறு. மூன்று பரிமாணத்தில் பாலி அணிகள் (மூன்று செங்குத்துத் திசையன்களுக்காக நிற்கும் 2×2 அணிகள்) ஒன்று, அவற்றின் குறி மாற்றிய வடிவம் இன்னொன்று. இயற்கணிதத்துக்கு இவை வெவ்வேறு. ஸ்பின் குலமோ திசையன்களை இரட்டைப்படை எண்ணிக்கையில் பெருக்கிக் கிடைப்பவற்றால் மட்டுமே ஆனது. இரண்டு அணிகளின் குறியையும் மாற்றிப் பெருக்கிப் பாருங்கள், விடை மாறாது. அதனால் குலத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.